ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை கிடையாது

தீபாவளி நெருங்க நெருங்க, விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூரைத் தாண்டி ஓடும் பட்டாசு ஆலை வேன்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரங்கள் அவை. ஊரில் இருமலும் காய்ச்சலும் கூடுவதும் அந்த வாரங்களில்தான். காரணம் கேட்டால் ஒருவர் மருந்து வாடை என்பார், இன்னொருவர் மழை என்பார், மூன்றாமவர் தண்ணீர் மாறிவிட்டது என்பார். மூன்றையும் தள்ளிவிட முடியாது. ஆனால் நான்காவது காரணம் பேச்சிலேயே வருவதில்லை. அது இன்ஃப்ளூயன்ஸா. டெல்லி, புணே போன்ற நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெருகும் இந்த வைரஸ், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில்தான் உச்சம் தொடுகிறது. நாட்டின் பல நகரங்களில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரியவந்த உண்மை இது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் விருதுநகர் மாவட்டம் எந்தப் பக்கம் சேரும் என்று ஊகிப்பது கடினமில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுத்துப் பார்ப்பது என்றால், ஊரே படுத்த பிறகு அல்ல, எதுவும் நடக்காத சாதாரண வாரங்களிலும் பார்ப்பது. அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்ல, கண்டியில் பிறந்து ஹாங்காங்கில் பெயர் பெற்ற ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாலிக் பீரிஸ் 1949-இல் பிறந்தவர். பேராதனையில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போனார். அங்கே ஜேம்ஸ் போர்ட்டர்ஃபீல்டுடன் சேர்ந்து அவர் ஆராய்ந்த விஷயம் விசித்திரமானது. உடலில் முன்பே உருவான எதிர்ப்புப் புரதம் சில நேரம் வைரஸைத் தடுப்பதற்குப் பதிலாக, அதை வெள்ளணுக்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. காவல்காரனே கதவைத் திறந்துவிடுவதுபோல. டெங்கு இரண்டாம் முறை வரும்போது சிலருக்கு ஏன் உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போகிறது என்பதற்கு இன்றும் மருத்துவர்கள் சொல்லும் விளக்கங்களில் இது முக்கியமானது.

படித்தவர் அங்கேயே தங்கிவிடவில்லை. பேராதனைக்குத் திரும்பினார். 1980-களின் நடுவில் அனுராதபுரம் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியபோது, கொசு, பன்றி, மனிதன் என்று மூன்றையும் சேர்த்து ஆராய்ந்த குழுவில் அவர் இருந்தார். வறண்ட பகுதிக்குப் பாசன நீர் வந்தது. நெல் வயல்கள் பெருகின. வயல் நீரில் பெருகும் கொசுவும் பெருகியது. உபரி வருமானத்துக்கென்று பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. இந்த வைரஸ் பன்றியின் உடலில் தாராளமாகப் பெருகிக் கொசு வழியாக மனிதனை எட்டும். வளர்ச்சித் திட்டம் தீட்டியவர்களின் கண்ணில் படாத சங்கிலி அது. நோயாளியின் ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மருத்துவர்களின் கண்ணிலும் பட்டிருக்காது. தமிழ்நாட்டுக்கும் இது அந்நியக் கதை அல்ல. இந்தியாவில் இந்த மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல் வேலூர்ப் பகுதியில். பிற்பாடு மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பூச்சியியல் மையம் வயல் வயலாக ஏறி இறங்கி இதே கொசுக்களை எண்ணியது.

பின்னர் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவமனையில் சில ஆண்டுகள். 1995-இல் ஹாங்காங். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள் கோழி விவகாரம் தொடங்கியது.

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் இறந்தான். அவனிடம் கிடைத்தது இன்ஃப்ளூயன்ஸா என்று தெரிந்தது. எந்த வகை என்றுதான் பிடிபடவில்லை. மாதிரி கடல் கடந்து போனது. அது எச்5என்1, அதுவரை கோழிகளை மட்டும் கொன்றுகொண்டிருந்த பறவைக் காய்ச்சல் வைரஸ் என்ற விடை வர ஆகஸ்ட் ஆனது. இடையில் மூன்று மாதம். ஆண்டு முடிவதற்குள் 18 பேருக்கு அது வந்தது; அவர்களில் 6 பேர் இறந்தனர். டிசம்பர் கடைசியில் ஹாங்காங் அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தது. கோழிச் சந்தைகளில் பல ஆண்டுகளாகவே மாதிரி சேகரித்துவந்த கென்னடி ஷார்ட்ரிட்ஜ் என்ற பேராசிரியர் அங்கே இருந்ததால்தான், கை வைக்க வேண்டிய இடம் சந்தை என்பது உடனே புரிந்தது. அந்த வழியில்தான் பீரிஸும் அவருடைய சகாக்களும் தொடர்ந்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது: இந்த வைரஸ் ஏன் திடகாத்திரமானவர்களையும் கொல்கிறது? 2002-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, எச்5என்1 மனித வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டு, அழற்சியை உண்டாக்கும் புரதங்களை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கிறது என்று காட்டியது. கொரோனா காலத்தில் தமிழ்த் தொலைக்காட்சிகளில்கூட அடிபட்ட ‘சைட்டோகைன் புயல்’ இதுதான். வைரஸ் பாதி, உடலின் பதற்றம் பாதி என்று நோய் முற்றுகிறது.

2003 பிப்ரவரி. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஏதோ ஒரு நிமோனியா பரவுவதாக வதந்தி. சீன அரசு முழு விவரத்தைச் சொல்லவில்லை. பிப்ரவரி 21 அன்று அங்கிருந்து வந்த ஒரு மருத்துவர் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒன்பதாம் மாடியில் அறை எடுத்தார். அவர் அங்கே தங்கியது ஒரே இரவு. அந்த மாடியில் இருந்தவர்கள் வழியாக நோய் டொரன்டோ, சிங்கப்பூர், ஹனோய் என்று விமானம் ஏறிவிட்டது. மார்ச் 12 அன்று உலக சுகாதார நிறுவனம் உலகுக்கே எச்சரிக்கை விட்டது.

பீரிஸ் குழு முதலில் சந்தேகப்பட்டது பறவைக் காய்ச்சலைத்தான். சந்தேகப்படக் காரணமும் இருந்தது: அதே பிப்ரவரியில் சீனாவின் ஃபூஜியன் போய்த் திரும்பிய ஹாங்காங் குடும்பம் ஒன்றில் எச்5என்1 தென்பட்டிருந்தது. ஆனால் நிமோனியா நோயாளிகளின் மாதிரிகளில் அது இல்லை. தெரிந்த வைரஸ்களுக்கான சோதனைகள் ஒவ்வொன்றும் ‘இல்லை’ என்றே சொல்லின. அப்போது அவர்கள் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சுவாச நோய்க்கு வழக்கமாகப் பயன்படுத்தாத செல்களிலும் வைரஸை வளர்க்க முயன்றார்கள். குரங்குக் கருவின் சிறுநீரக செல்களில் ஏதோ வளர்ந்தது. அது நோய்க்குக் காரணமா, சும்மா ஒட்டிக்கொண்டு வந்ததா? நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்த நீரை அந்த செல்களின் மீது விட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்புப் புரதம் போய் ஒட்டியது. ஆரோக்கியமான ரத்தக் கொடையாளர்களின் ரத்தநீர் ஒட்டவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியும் மரபணுத் துண்டும் அது கொரோனா குடும்பம் என்றன. 50 நோயாளிகளில் 45 பேரிடம் அந்தத் தொற்றுக்கான தடயம் இருந்தது; ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் ஒருவரிடமும் இல்லை. ஏப்ரலில் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது.

உலக எச்சரிக்கை வந்த இரண்டு வாரத்துக்குள் காரணம் கையில் கிடைத்துவிட்டது. 1997-இல் மூன்று மாதம், 2003-இல் இரண்டு வாரம். இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது பீரிஸின் மேதைமை மட்டும் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வேறு குழுக்களும் ஏறத்தாழ அதே நாட்களில் அதே வைரஸை எட்டின. பதினொரு ஆய்வுக்கூடங்கள் தினமும் தொலைபேசியில் கூடி, போட்டியை ஒதுக்கிவைத்துத் தகவல் பரிமாறிக்கொண்டன. ஹாங்காங்கின் கூடம் இடைப்பட்ட ஆறு ஆண்டும் பூட்டிக் கிடக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஆட்கள் இருந்தார்கள், செல்கள் உயிரோடு இருந்தன, வார்டிலிருந்து மாதிரி வரும் வழி திறந்திருந்தது.

அந்த நோய், சார்ஸ், 8,098 பேரைப் பிடித்து 774 பேரைக் கொன்றுவிட்டு அடங்கியது. மே மாதத்தில் பீரிஸின் சகா யி குவான், தெற்குச் சீனச் சந்தையில் விற்ற புனுகுப் பூனைகளில் அதே மாதிரி வைரஸைக் கண்டெடுத்தார். பிறகு வௌவால்களில் அதன் உறவினங்கள் கிடைத்தன. 2021-இல் பீரிஸுக்கும் யி குவானுக்கும் சேர்த்துக் கனடாவின் கெய்ர்ட்னர் விருது வழங்கப்பட்டது.

இத்தனையும் எங்கோ நடந்தது, ஆமத்தூருக்கு என்ன?

2020 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்டார்கள். நாமக்கல்லில் கோழி விலை பாதாளத்துக்குப் போனது. விருதுநகர், சிவகாசியில் கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், உலகம் அறிந்த முதல் கொரோனா வைரஸே கோழியுடையதுதான். 1930-களில் அமெரிக்காவில் கோழிக் குஞ்சுகளின் மூச்சுக்குழாயைத் தாக்கிய நோயாக அது கண்டுபிடிக்கப்பட்டது; கோழிப் பண்ணையாளர்கள் இன்றும் அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மனிதனை அது தொடுவதில்லை. கோழியிடமிருந்து மனிதன் பயப்பட வேண்டியது இன்ஃப்ளூயன்ஸாவைப் பற்றி. மக்கள் தப்பான வைரஸுக்குச் சரியான பறவையைச் சந்தேகப்பட்டார்கள். நம்பகமான தகவலை உள்ளூரில் சொல்ல ஆள் இல்லாதபோது வதந்திதான் மருத்துவராகிவிடுகிறது.

பரிசோதனையின் கதை இன்னும் தெளிவானது. இந்தியாவில் கொரோனா தென்பட்ட நாட்களில் மாதிரிகள் போன இடம் புணே தேசிய வைராலஜி நிறுவனம். பிறகு சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நிறுவனம் சோதிக்க ஆரம்பித்தது. மார்ச் மாதத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி சேர்ந்தது. அதன்பின் மாவட்டம் மாவட்டமாகப் பிசிஆர் கருவிகள் வந்து இறங்கின. பீரிஸும் லியோ பூனும் இருந்த ஹாங்காங் குழு 2020 ஜனவரியிலேயே தன் சோதனை முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டது. செய்முறை தெரிந்தால் மட்டும் போதுமா? செய்யும் கை வேண்டும், கருவி வேண்டும், மாதிரியைக் கொண்டுபோகும் வண்டி வேண்டும். தமிழ்நாடு அதைச் சில மாதங்களில் கட்டி எழுப்பியது பெரிய சாதனை. மருத்துவமனை ஊழியர்களும் பூச்சியியல் ஆட்களும் லேப் டெக்னீஷியன்களும் இரவு பகலாக நின்றார்கள். 2021 செப்டம்பரில் சென்னையில் மாநில அரசு தன் சொந்த மரபணு வரிசைப்படுத்தும் கூடத்தையும் திறந்தது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கட்டடம் உண்டு, கருவி உண்டு, படித்த பிள்ளைகள் உண்டு. இனி வேண்டியது, இவற்றைச் சாதாரண நாட்களில் எதற்குப் பயன்படுத்துவது என்ற தெளிவான உத்தரவு.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். சிவகாசிக்கு முதலில் வேண்டியது தீக்காயப் பிரிவில் போதுமான ஆட்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்த நாளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அப்படியிருக்க, எங்கோ இருக்கும் வைரஸைத் தேடி உட்கார்ந்திருப்பது பணக்கார நாட்டின் சொகுசு அல்லவா?

அல்ல. பட்டாசுத் தொழிலே இதற்குப் பதில் சொல்கிறது. அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், வாங்கிய உரிமத்துக்கு மேல் மருந்து சேர்த்து வைக்கக் கூடாது என்ற விதிகள் எல்லாம் வெடிக்காத நாட்களுக்காக எழுதப்பட்டவை. எங்கே விதி மீறப்பட்டதோ, எங்கே ஆய்வாளர் வராமல் போனாரோ, பெரும்பாலும் அங்கேதான் சாவு நடந்தது. வெடித்த பிறகு வரும் தீயணைப்பு வண்டியை யாரும் கண்காணிப்பு என்று அழைப்பதில்லை. தொற்று விஷயத்தில் மட்டும் நாம் அந்த வண்டியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

செலவும் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. எல்லா இருமலையும் சோதிக்கத் தேவையில்லை. மாவட்டத்தில் கடும் நிமோனியாவோடு உள்நோயாளியாகச் சேர்பவர்களில் சிலரிடமும், இரண்டு மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் காய்ச்சல்காரர்களில் சிலரிடமும் வாரந்தோறும் மூக்கு, தொண்டை மாதிரி எடுத்தால் போதும். இன்ஃப்ளூயன்ஸா ஏயா, பியா, கொரோனாவா என்று ஒரே சோதனையில் பார்க்கும் வசதி இன்று உண்டு. எதற்கும் பிடிபடாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சென்னைக்கோ புணேக்கோ அனுப்ப வேண்டியதுதான். ஆமத்தூரிலிருந்து ஆலை வேலைக்குப் போகிறவர்களும் இந்த வலையில் இருக்க வேண்டும். பட்டாசு ஆலைத் தொழிலாளியின் இருமலை மருந்துத் தூளின் கணக்கில் எழுதிவிட்டுப் போகிற வழக்கம் அவர்களுக்கு இரட்டை அநியாயம் செய்கிறது. தூள் நுரையீரலைக் கெடுக்கிறதா என்பதும் தெரியாமல் போகிறது, தொற்றும் தெரியாமல் போகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் உயிருள்ள ஆபத்தான வைரஸை வளர்க்கும் கூடம் கட்டுவோம் என்று யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டும். சார்ஸ் ஓய்ந்த பிறகும் சிங்கப்பூர், தைபே, பெய்ஜிங் ஆய்வுக்கூடங்களில் ஊழியர்களுக்குத் தொற்று வந்தது. வளர்ப்பது புணே போன்ற உயர் பாதுகாப்புக் கூடங்களின் வேலை. மாவட்டக் கூடத்துக்கு வேண்டியது, வைரஸைச் செயலிழக்கச் செய்துவிட்டு அதன் மரபணுத் தடயத்தை மட்டும் தேடும் பிசிஆர்.

மனிதனை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும் என்பது அனுராதபுரத்துப் பன்றிகள் தொடங்கி பீரிஸின் வாழ்நாள் வேலை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 2012-இல் சவுதியில் மெர்ஸ் என்ற புதிய கொரோனா வந்தது. பிடித்தவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். 2013-இல் எகிப்தின் ஒட்டகங்களின் ரத்தத்தைச் சோதித்த பீரிஸ் குழு, பெரும்பாலானவற்றில் அந்த வைரஸின் எதிர்ப்புப் புரதம் இருப்பதைக் கண்டது. அந்தக் குழுவிலும் ஓர் இலங்கையர் இருந்தார், ரணவக்க பெரேரா. ஒட்டகத்துக்குச் சாதாரண சளி, மனிதனுக்கு மரணம். வளைகுடாவில் ஒட்டகம் மேய்க்கப் போகும் தென்மாவட்டத்து இளைஞர்களை நினைத்தால் இது தூரத்துச் செய்தி இல்லை. 2022-இல் ஹாங்காங்கில் செல்லப் பிராணிக் கடையின் வெள்ளெலிகளிடமிருந்து கடை ஊழியருக்குக் கொரோனா வந்ததையும் அந்த வட்டத்து ஆய்வாளர்கள்தான் உறுதிசெய்தார்கள். அந்த வெள்ளெலிகள் இறக்குமதிச் சரக்கு.

பறவைகள் விஷயம் இங்கே இன்னும் நெருக்கம். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் எச்5என்1-ஆல் செத்து மிதந்தன. அதிகம் செத்தது வரித்தலை வாத்து. யி குவானும் பீரிஸும் சேர்ந்து அந்த வைரஸின் மரபணுவைப் படித்தார்கள். திபெத், மங்கோலியப் பக்கத்திலிருந்து இமயத்தைத் தாண்டிப் பறக்கும் அதே இன வாத்து குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. உடனே பறவையை விரட்டக் கிளம்பிவிடக் கூடாது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்கும் வரும் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசு மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் இப்படி ஒரு கண்ணியம் இருக்கிறது. கொல்லும் வகை வைரஸ் பொதுவாகப் பிறப்பது காட்டில் இல்லை, நெருக்கிப் பூட்டிய கோழிக் கூட்டங்களில்; பறவை அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் வந்தது. ஆலப்புழை வாத்துகளில் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது. கேரளத்தில் கோழி செத்தால் புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடிப்பார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வரும் கொல்லம் சாலை அந்தச் சாவடியைத் தாண்டித்தான் வருகிறது. சக்கரத்துக்கு மருந்து அடிப்பது தவறில்லை. ஆனால் 2021-இல் ஹரியாணாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் ஒரு குழந்தையும் இந்த வைரஸால் இறந்தது, சோதனைச் சாவடியால் தெரியவந்த செய்தியல்ல. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எடுத்த மாதிரி சொன்ன செய்தி. உலகில் 2003 முதல் எச்5என்1 வந்த மனிதர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். ஆனால் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. 2024 மார்ச் முதல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் அது பரவியது. பாலைக் கொதிக்கவைத்தால் அது சாகும். நம் வீட்டு அடுப்பு அந்தக் காரியத்தைத் தினமும் செய்கிறது.

ஹாங்காங் கோழிச் சந்தையில் செய்தது எளிமையானது, செலவும் குறைந்தது. 1998-இல் வாத்தையும் கோழியையும் ஒரே இடத்தில் விற்பதை நிறுத்தினார்கள். 2001 முதல் மாதந்தோறும் ஒரு நாள் எல்லாக் கடைகளும் கூண்டைக் காலிசெய்து கழுவிக் காயவைக்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு காடையைத் தனியாகப் பிரித்தார்கள். 2008-இல் உயிருள்ள கோழியை இரவில் கடையில் வைத்திருக்கத் தடை. ஒவ்வொரு கட்டத்திலும் பல்கலைக்கழக ஆட்கள் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். கோழிகளில் வைரஸ் வெகுவாகக் குறைந்தது தெரிந்தது. விருதுநகரின் பிராய்லர் கடைகளுக்கு இது ஒத்துவராது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூண்டு காலியாகும். செவ்வாய், வெள்ளியில் பலர் கறி எடுப்பதில்லை. புரட்டாசியில் விற்பனை வெகுவாகக் குறையும். கூண்டைக் காலிசெய்து கழுவ நம் நாட்காட்டியே இடம் கொடுக்கிறது. நகராட்சி அதை ஒரு விதியாக்கினால் கடைக்காரர் பெரிதாக இழக்கப்போவதில்லை. ஊரில் வீட்டுக் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்து கொத்தாகச் செத்தால், புதைத்துவிட்டு மறந்துவிடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லும் பழக்கமும் வேண்டும். பறவைக் காய்ச்சலும் வெளியே பார்க்க அப்படித்தான் இருக்கும்.

நல்ல செய்தி ஒன்றும் இந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. கொரோனாவுக்காக உலகம் முகக்கவசம் போட்டு வீட்டில் இருந்தபோது இன்ஃப்ளூயன்ஸாவும் ஒடுங்கியது. பி வகையில் யமகதா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் கிளை அற்றுப்போயிருக்கலாம் என்று ஆராய்ந்து எழுதியவர்களில் முன்னணியில் நிற்கும் பெயர் விஜய்கிருஷ்ணா தனசேகரன். 2009-இல் பன்றிக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துத் தடம் பிடித்த ஆய்விலும், மறு ஆண்டு பீரிஸ் குழுவோடு பன்றிகளில் அந்த வைரஸ் எப்படிக் கலந்து மாறுகிறது என்று காட்டிய ஆய்விலும் அவர் உண்டு. யமகதாவைத் தடுப்பூசியிலிருந்தே எடுத்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பின்னர் பரிந்துரைத்தது. ஒரு வைரஸ் இல்லை என்று சொல்வதற்கும் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்தவர்கள் வேண்டும். தேடாத ஊரில் இல்லாமையும் தெரியாது.

தடுப்பூசி என்றதும் இன்னொன்று. இன்ஃப்ளூயன்ஸா ஊசி அரசின் வழக்கமான இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள்கூட டெல்லிக்காரர்களின் காலத்தைப் பார்த்துப் போட்டால் நமக்குப் பயன் குறைவு. இங்கே அது பருவமழைக்கு முன், ஆவணி வாக்கில் உடம்பில் ஏற வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே மூச்சுத் திணறல் உள்ள ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு மட்டுமாவது மாநில அரசு இதைக் கொடுக்கலாம். இஎஸ்ஐ மருந்தகங்கள் வழியாகத் தொடங்குவது சுலபம்.

1939-இலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்தச் சட்டத்தின் பரம்பரையில் வந்த துறைக்குக் கோரிக்கை வைப்பதில் தவறில்லை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டக் கால்நடைத் துறையும் மாவட்டப் பொதுச் சுகாதார அலுவலகமும் வாரத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த வாரம் எத்தனை மாதிரி எடுத்தார்கள், எதில் என்ன வந்தது, எந்த ஊரில் கோழி செத்தது என்று ஒரு பக்கத் தாளைத் தமிழில் வெளியிட வேண்டும். எதுவும் வராத வாரத்திலும் அந்தத் தாள் வர வேண்டும். 2003-இல் சீனா செய்ததுபோல மறைப்பது எவ்வளவு விலை கேட்கும் என்பதை 29 நாடுகள் பார்த்துவிட்டன. ஆமத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் அந்தத் தாளை ஒட்டுவதற்குப் புதுக் கட்டடமோ புதுப் பதவியோ தேவையில்லை. அடுத்த ஆவணிக்குள் அதைத் தொடங்கும்படி மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.